கடைசி வீட்டு அக்காவும் ‘ஆதரவற்ற’ என்ற சொல்லும்

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, அரசு பென்சன் வாங்குகிறவர்களின் பெயர்களைத் தட்டச்சு செய்வது. கோவை நகருக்குள் ஓர் அலுவலகம். தடித்த பதிவேடுகளில் மையால் எழுதி வைத்திருந்த பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம். மகளுக்குக் கவர்ன்மெண்டில் வேலை என்று அம்மா தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஒப்பந்தம் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் வராது. ஆகையால் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்தோம். பென்சன் வகைகளுக்கு எண் கொடுத்துவிட்டோம். ஒன்று, முதியோர். இரண்டு, உடல் ஊனமுற்றோர். மூன்று, விவசாயக் கூலிகள். நான்கு, ஆதரவற்ற விதவைகள். ஐந்து, கணவரால் கைவிடப்பட்டவர்கள். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். எதையும் வரிசைப்படி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். நாளொன்றுக்கு இத்தனை பக்கம் என்று வைத்துக்கொண்டு அடித்தேன். மூன்று மாதம் வரை நான்கு என்பது எனக்கு வெறும் நான்குதான்.

நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். முன்னால் சிமெண்ட் வாசல், ஓரத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். நாங்கள் ஐந்தாவது வீடு. ஆறாவதில், அதாவது கடைசி வீட்டில், ஓர் அக்கா தனியாக இருந்தார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்பின்னிங் மில்லில், நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை செய்தவர். கணவர் இறந்து ஆறு வருடம். குழந்தைகள் இல்லை. பிறகு மில்லையும் மூடிவிட்டார்கள். மூட்டுவலியால் வேறு எந்த வேலைக்கும் போக முடியாமல் போனது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரை ஒரு சோகமான ஆளாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் லைனில் குழாய்க்கு அவர்தான் அதிகாரி. யார் எத்தனை குடம், யாருக்கு அடுத்து யார் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். யாராவது முறை தப்பிக் குடத்தை நீட்டினால், “ஏனுங்க, உங்க கொடத்துக்கு மட்டும் கால் மொளைச்சுதுங்களா?” என்பார். அந்த ‘ங்க’வுக்குப் பயந்தே குடம் பின்வாங்கும்.

அவருக்குக் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு தம்பி. நெல்லும் வாழையும் வைத்திருப்பவர், நல்ல மனிதர். அந்தத் தீபாவளிக்கு வந்தவர், கிளம்பும்போது வாசலில் நின்று உறுதியாகச் சொன்னார். “அக்கா, தை பொறந்ததும் டெம்போ எடுத்துட்டு வாரேன். இனி தனியா இங்க எதுக்குக் கெடக்கறே? உனக்குன்னு ஒரு ரூமே ஒதுக்கிப்போட்டேன்.”

அவர் போனபிறகு அக்கா அம்மாவிடம் புலம்பினார். “அங்க போனா நான் ஒறம்பரைங்க.” ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. “ஒறம்பரைய ஒரு வேலை செய்ய உட மாட்டாங்க. ஒரு பேச்சுப் பேச உட மாட்டாங்க. நாலு நாளைக்கு நல்லாருக்கும். அஞ்சாம் நாள்ல இருந்து நான் என்ன பண்றது?”

“அப்ப வேண்டாம்னு சொல்லிப்போட வேண்டியதுதானே?” என்றாள் அம்மா.

“என்னத்த வெச்சு வேண்டாம்னு சொல்றது? கையில ஏதாச்சும் வருமானம் இருந்தாத்தான அந்தப் பேச்சுப் பேசலாம்.”

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு நான்காம் எண் நினைவுக்கு வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன். “அக்கா, உங்களுக்குப் பென்சன் கெடைக்குமுங்க. மாசாமாசம் மணியார்டர்ல வரும்.”

அன்றைக்கே ஒரு பட்டியல் போட்டேன். மனு, ரேஷன் கார்டு நகல், கணவரின் இறப்புச் சான்று, புகைப்படம், மில் மூடியதற்கான தாள் என்று பத்து இனங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு சிறு கட்டம். பத்தே நாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி. மனுவை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். அக்கா எழுத்துக் கூட்டி வாசிப்பார். தலைப்பிலேயே விரல் நின்றுவிட்டது.

“இது என்ன எழுத்து அம்மிணி?”

“ஆதரவற்ற.”

“யாரு?”

“நீங்கதானுங்கக்கா. ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியம். அந்தத் திட்டத்தோட பேரு அது.”

அக்கா முதலில் சிரித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். “காலைல உங்கம்மா புழிஞ்சு குடுத்த சந்தவை இன்னும் வவுத்துல இருக்குது. எனக்கு ஆதரவு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு உங்கம்மா மொகத்துல எப்படி முழிக்கறது?”

“அது சும்மா ஒரு பேருங்கக்கா. எங்க ஆபீஸ்ல வெறும் நாலுன்னுதான் அடிப்போம்.”

“அப்ப நாலுன்னே எழுதிக்க. நாலாம் நெம்பர் பென்சன்னு எழுது, இப்பவே போட்டுத் தாரேன்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் தாளின் மேல் பகுதியை மடித்துத் தலைப்பை மறைத்துப் பிடித்துக்கொண்டேன். தை மாதத்துக்கு அதிக நாள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மனு போன பிறகு, நேரில் விசாரிப்பதற்கு ஓர் அலுவலர் வருவார். எங்கள் பகுதிக்கு ஓர் இளைஞர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். அவர் வரும் நாள் எனக்கு அலுவலகத்திலேயே தெரிந்துவிட்டது. முந்தைய நாளே வீட்டில் சொல்லிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

அன்று மாலை ஆறு மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், லைனே கல்யாண வீடு மாதிரி இருந்தது. முதல் வீட்டு அத்தை என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். அத்தை உறவு ஒன்றும் இல்லை, பெரியவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவோம்.

“கண்ணு, உங்க ஆபீசர் வந்துட்டுப் போயிட்டாருங்க. ஒரு கொறை வெக்கல. எங்க ஊட்டுல புதுசா வாங்குன பிளாஸ்டிக் சேரைத்தான் போட்டோம்.”

மூன்றாவது வீட்டில் இருந்தவர் லேத் பட்டறையில் வேலை செய்பவர். லேத் மாமா என்போம். அவர் தன் பங்கைச் சொன்னார். “டேபிள் ஃபேன் நம்முளுது. பாவம், வேர்த்து விறுவிறுத்து வந்தாரு.”

“கேசரி நான் செஞ்சேன்” என்றாள் அம்மா. “வாழைக்காய் பஜ்ஜி ரெண்டாவது ஊட்டுல. காப்பி மட்டும் அக்காவே வெச்சாங்க, நம்ம பாலுல.”

அக்கா, அம்மாவின் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு பூ வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டேன். “அவர் என்ன கேட்டாருங்கத்தை?”

“இவங்களை யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டாரு. என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க, நாங்க இத்தனை பேரு இருக்கறப்ப இவங்களுக்கு என்னங்க கொறைன்னு சொன்னேன். சந்தோசமா எழுதிக்கிட்டாரு.”

“தம்பி இருக்காரான்னும் கேட்டாரு” என்றார் அக்கா. “நாலு ஏக்கரா நஞ்சை, அக்கான்னா உசுரு, ரூமே ஒதுக்கி வெச்சிருக்கான்னு சொன்னேன். பொறந்த ஊட்டை உட்டுக்குடுத்துப் பேச முடியுங்களா?”

என் பட்டியலில் பத்து இனங்கள் இருந்தன. வருகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற பதினோராவது இனம் இல்லை. எங்கள் ஊரில், வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கு ஒரு கட்டம் போட வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த வாரம் நிராகரிக்கப்பட்ட மனுக்களின் கட்டு என் மேசைக்கு வந்தது. பெயரையும் காரணத்தையும் நான்தான் அடிக்க வேண்டும். ஏழாவது தாளில் அக்காவின் புகைப்படம் இருந்தது. ‘மனுதாரர் உறவினர் மற்றும் அண்டை வீட்டாரின் ஆதரவில் வசதியாக உள்ளார். ஆதரவற்றவர் அல்ல.’ அதை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அடித்தேன். காரணத்துக்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. ‘வசதியாக’ என்பதோடு கட்டம் முடிந்துவிட்டது.

எங்கள் பிரிவை நடத்திக்கொண்டிருந்த அம்மையாரிடம் தாளை நீட்டி, இவர் என் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னேன். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேசரியா, ஜாங்கிரியா?”

“கேசரிங்க மேடம்.”

“முந்திரி போட்டா?”

“போட்டுத்தானுங்க.”

“நம்மூர்ல இதே ரோதனைதான் போ. வேற ஜில்லாவுல இருந்து வர்ற பசங்க அப்படியே நம்பிப்போடறாங்க.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “திங்கக்கிழமை மனு குடுக்கச் சொல்லு. மறுவிசாரணைக்கு இந்தப் பசங்களுக்கு மேல இருக்கற பெரிய மேடமே போவாங்க. நீ இங்க வேலை பாக்கறதை அவங்ககிட்ட மறைக்காதே. அதையும் நானே முன்கூட்டிச் சொல்லிடறேன்.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். “முந்திரி கொஞ்சம் எச்சாப் போச்சு” என்றாள் அம்மா. லேத் மாமா, “ஃபேனைச் சித்த மெதுவா வெச்சிருக்கோணும்” என்றார்.

எதிர்பாராத விதமாக அக்காவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப கவர்ன்மெண்டே எழுதிப்போட்டுது, நான் ஆதரவில்லாதவ இல்லைன்னு!” இரண்டு நாள் குழாயடியில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தம்பியிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு டெம்போ சொல்லியாகிவிட்டதாம். அன்று அக்கா யாருடைய குடத்தையும் எண்ணவில்லை. முறை தப்பி நீட்டிய குடத்தைக்கூடக் கண்டுகொள்ளாமல் நின்றார். எங்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

திங்கட்கிழமை மனுவை எழுதும்போது அக்கா கேட்டார். “அந்தப் பேரை யாரு அம்மிணி வெச்சது?”

மாதக்கணக்காக நாளெல்லாம் அந்த வகையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தவள் நான். மறுநாளிலிருந்து மதிய உணவு நேரத்தில் தேட ஆரம்பித்தேன். அலுவலகத்துப் பழைய கோப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தலைப்பில் இருந்த ‘டெஸ்டிட்யூட்’ என்ற ஆங்கிலச் சொல்லை நூலகத்து அகராதியில் பார்த்தால், கைவிடப்பட்டு ஒற்றையாய் நிற்பவர் என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்ததாகப் போட்டிருந்தது. அந்தச் சொல்லைத் தமிழாக்க யார் யாரோ முயன்றிருக்கிறார்கள். கட்டுக் கட்டாய்ப் பழைய மனுக்களில் அநாதை என்று ஒன்றில், திக்கற்ற என்று ஒன்றில், நிராதரவான என்று இன்னொன்றில். பின்னால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ‘ஆதரவற்ற’ நின்றுவிட்டது. மற்றவற்றைப் பார்த்தபிறகு, இதைத் தேர்ந்தவர் கொஞ்சம் இரக்கமுள்ளவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பட்டது.

ஆதரவு என்பதற்கு மூலம் வடமொழி. மதிப்பு, அன்பு, அக்கறை என்று அகராதியில் வரிசையாக இருந்தன. பென்சன் என்ற சொல் எடைபோட்டுக் கொடுப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து பிறந்ததாம். அதற்குத் தமிழில் செய்துகொண்ட சொல் ஓய்வூதியம். ஊதியம் நம்முடைய பழைய சொல். இலாபம், பயன் என்று பொருள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் பட்டியலிட்டு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வருத்தம் குறையும் என்பது என் கணக்கு. முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப அன்பு, மதிப்பு ரெண்டும் எனக்கு இல்லைன்னு அர்த்தமா? மொதல்லயே இது தெரிஞ்சிருந்தா நீ எத்தனை மடிப்பு மடிச்சிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்” என்றார். பிறகு, “அந்த ஊதியம் மட்டும் பரவால்ல. வேலை செஞ்சவளுக்குக் குடுக்கற மாதிரி இருக்குது” என்றார்.

மறுவிசாரணை ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தது. எனக்கும் அன்று விடுமுறை. இந்த முறை முன்கூட்டியே எல்லோரையும் உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

“அத்தை, நான்தான் ஆபீசருன்னு வெச்சுக்கங்க. இவங்களுக்கு யாரு இருக்காங்க?”

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார். “இவங்களுக்கு யாரும்…” அக்காவைப் பார்த்தார். “யாரும்…” வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது தடவை கண் கலங்கிவிட்டது. “வேண்டாங் கண்ணு. நல்ல நாளும் அதுவுமா இதைய என்ற வாயில வர வெக்காதே.”

“மாமா, நீங்க?”

“நான் வேணா அன்னிக்கு ஊருலயே இல்லாமப் போயிடறேன் அம்மிணி” என்றார் லேத் மாமா. “இருந்தா உளறிப்போடுவேன்.”

“அப்ப சேர், காப்பி, பலகாரம் எதுவும் வேண்டாம்.”

“வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசறதா?” ஆறு வீட்டுக் குரல்களும் ஒன்றாகக் கேட்டன. அதில் அக்காவின் குரல்தான் உரக்க இருந்தது.

ஒத்திகை அத்தோடு முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். நோட்டை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குள் போய், உள்ளே இருக்கும் பொருள்களை வரிசையாக எழுத ஆரம்பித்தேன். என்னவெல்லாம் இல்லை என்றாவது காட்டலாமே.

கயிற்றுக் கட்டில் லேத் மாமாவுடையது, அவர் இரும்புக் கட்டில் வாங்கியபோது கொடுத்தது. கடிகாரம் நான்காவது வீட்டிலிருந்து வந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு எங்கள் வீட்டுடையது. எங்களுக்குக் கேஸ் வந்தபோது இங்கே வந்திருக்கிறது. பதினோரு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அது எனக்குத் தெரியாது. சுவரில் தொங்கிய காலண்டர்கூட முதல் வீட்டு அத்தைக்கு மளிகைக் கடையில் கொடுத்தது. பட்டியல் பாதியிலேயே நின்றுவிட்டது. சொந்தம் என்று எழுதுவதற்கு ஒரு தகரப் பெட்டி, நாலு சேலை, ஒரு பாய், இரண்டு தட்டு.

நோட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இவருக்கு யாரும் இல்லை என்று சொல்ல இவர்களில் ஒருவருக்கும் நா வராது. ஆனால் ஒரு பொருளைக் காட்டி இது யாருடையது என்று கேட்டால்? எல்லோரிடமும் போய் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். எதையும் மறைக்க வேண்டாம், எதையும் கூட்ட வேண்டாம். ஆபீசர் எதையாவது காட்டி யாருடையது என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். இதற்கு எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. பெரிய மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கதர்ச் சேலை, கையில் கோப்பு. அதே பிளாஸ்டிக் சேர், அதே ஃபேன். கேசரிக்குப் பதில் அம்மா உப்புமா கிண்டியிருந்தாள். அது அவள் எனக்காகச் செய்த தியாகம்.

மேடம் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “நீதான் கம்ப்யூட்டர் பொண்ணா? சரி, நீ பேசக்கூடாது” என்றார். நான் எங்கள் வீட்டு நிலைப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அக்கா காப்பி கொடுத்தார். மேடம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைச் சற்றே சாய்த்துப் பார்த்தார். எவர்சில்வர் பாத்திரங்களில் எங்கள் பக்கம் பெயர் வெட்டி வைப்போம். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெயர்.

“இது யாரு பேருங்க?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் முதல் வீட்டு அத்தை முந்திக்கொண்டார். “எங்க மாமனார் பேருங்க! என்ற கண்ணாலத்துக்கு வெட்டுனது. ஆறு டம்ளருங்க, ஒண்ணு தொலஞ்சுபோச்சு.”

“அப்ப இந்தத் தட்டு?”

“எங்களுதுங்க” என்றாள் அம்மா.

மேடம் தலையைத் தூக்கி ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். பிறகு எழுந்து அக்காவின் வீட்டுக்குள் போனார். உள்ளேயிருந்து கேள்வியும், வாசலிலிருந்து பதிலுமாகச் சற்று நேரம் ஏலம் மாதிரி நடந்தது.

“கட்டில்?”

“நம்முளுதுங்க! ஒரு கால் ஆடும், பாத்து!” ஊரில் இல்லாமல் போகிறேன் என்ற லேத் மாமாவின் குரல்.

“அடுப்பு?”

“அஞ்சாவது ஊடுங்க!”

“கெடியாரம்?”

“நாலுங்க! அஞ்சு நிமிசம் முன்னால ஓடுமுங்க!”

“காலண்டர்?”

“நம்முளுதுதான், உட்டுருங்க!” என்று அத்தை கத்த, உள்ளே மேடம் சிரிப்பது கேட்டது.

வெளியே வந்து மறுபடி சேரில் உட்கார்ந்தார். “அம்மிணி, அப்ப உங்களுதுன்னு என்னதாங்க இருக்குது?”

“பொட்டி ஒண்ணு இருக்குதுங்க. சேலை இருக்குது” என்றார் அக்கா.

“கொழாய் இருக்குதுங்க” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். “அதைய யாருக்கும் குடுக்க மாட்டாங்க.” அக்கா குரல் வந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டு சில நாளாகியிருந்தது.

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோப்பைத் திறந்தார். “நேராவே கேக்கறேனுங்க. இத்தனை பேரு உங்களைப் பாத்துக்கறாங்க. தம்பியும் இருக்காரு. அப்புறம் பென்சன் எதுக்குங்க?”

நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பட்டியல் எதுவும் இல்லை.

அக்கா காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். “பாத்துக்கறாங்கங்க. இல்லைன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப்போகும். தம்பி ஊட்டுக்குப் போனாலும் ராணி மாதிரி வெச்சுக்குவான். ஆனா இப்ப நீங்க குடிச்சீங்களே, அந்தக் காப்பியில பொடி ஒரு ஊடு, பாலு ஒரு ஊடு, சக்கரை ஒரு ஊடுங்க. நான் சுட வெச்சது மட்டுந்தான். மில்லுக்குப் போனப்ப சம்பளத்தன்னிக்கு ஆறு ஊட்டுக்கும் நாந்தானுங்க பலகாரம் வாங்கியாருவேன். அந்த மாதிரி இவங்களுக்கு ஒரு வாய் காப்பி என்ற காசுல வெச்சுக் குடுத்துட்டு, இதே ஊட்டுல இருக்கோணுமுங்க. அதுக்குத்தானுங்க.”

அத்தை மூக்கை உறிஞ்சினார்.

“அந்தப் பேருதானுங்க எனக்கு ஒத்து வரல” என்று அக்கா தொடர்ந்தார். விட்டிருக்கலாம். விடவில்லை. “ஆதரவற்றன்னு போட்டிருக்கறது.”

“எனக்குந்தாங்க ஒத்து வரல” என்றார் மேடம். “நான் வெச்ச பேரில்லை. மாத்தற அதிகாரமும் எனக்கில்லை. உங்களுக்கு வருமானம் உண்டா, சொத்து உண்டா, புள்ளைங்க உண்டா, இதைத்தான் நான் பாக்கோணும். பக்கத்து ஊட்டுக்காரங்க கொணத்தை உங்க சொத்துல சேக்க முடியாதுங்க.” எழுதினார். எழுதி முடித்துவிட்டு உப்புமாவைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜீப்பில் ஏறும்போது, “நல்லாருந்துச்சுங்க, உப்புத்தான் கம்மி” என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்க அதே கவலை.

அவர் என்ன எழுதினார் என்பது அடுத்த வாரம் கோப்பு என் மேசைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. ‘வீட்டிலுள்ள பொருள்கள் பெரும்பாலும் பிறருடையவை. சொந்த வருமானமோ, சொத்தோ, வாரிசோ இல்லை. பரிந்துரைக்கப்படுகிறது.’ கீழே ஒப்புதல் கையெழுத்து. அக்காவின் பெயரை அடித்தேன். வயது, ஊர். வகை என்ற இடத்தில் நான்கை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். பக்கத்து மேசையிலிருந்து, “என்னம்மா, மிசின் நின்னுபோச்சா?” என்று கேட்டார் பிரிவு அம்மையார்.

ஆணைத் தாள் போகியன்று தபாலில் வந்தது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடியே தம்பியின் டெம்போவும் வந்தது. பின்னால் இரண்டு வாழைத்தார், ஒரு மூட்டைத் தேங்காய், கட்டிலைக் கட்டுவதற்கு ஒரு கயிற்றுச் சுருள்.

அக்கா அவரைச் சேரில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சாப்பாடும் போட்டுவிட்டுத்தான் தாளை நீட்டினார். “நான் வரலைடா கண்ணு. எனக்குக் கவர்ன்மெண்டுல பென்சன் வருது. நீயே படிச்சுப் பாரு. சத்தமாப் படி.”

அந்தத் தம்பி எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். வாசலில் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் கண்கள் தலைப்பில் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டாவது சொல்லையும் தாண்டி, மூன்றாவது சொல்லிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

“ஓய்வூதியம் வழங்கும் ஆணை.”

“ஆங்” என்றார் அக்கா.

முழுவதையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மடித்து, இரண்டு கையாலும் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். “சரிக்கா. இங்கயே இரு. ஆனா பொங்கலு, தீபாவளின்னு நோம்பி நொடிக்கு வந்துபோடோணும். ஒறம்பரையாத்தான் வரோணும், சொல்லிப்போட்டேன்.”

வாழைத்தாரும் தேங்காயும் ஆறு வீட்டுக்கும் பங்காகின. பங்கு பிரித்தது அக்காதான். கயிற்றுச் சுருளை மட்டும் தம்பி டெம்போவில் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.